வண்டி யார் பேரில்?

அத்தியாயம் 11

கோர்ட்டுக்குப் போகிறபோது எந்தப் புடவை கட்டுவது? கல்யாணத்துக்கு எது, காரியத்துக்கு எது என்பதெல்லாம் சுலோசனாவுக்கு அத்துப்படி. பூந்தமல்லி கோர்ட்டில் கூண்டேறிச் சாட்சி சொல்ல என்ன கட்டுவது என்று ஐம்பத்தாறு வயதில்தான் யோசிக்க வேண்டி வந்தது. பளிச்சென்று கட்டினால், வசதியான பொம்பளைதானே, கொடுக்கட்டுமே என்பார்கள். நைந்ததைக் கட்டினால் நடிக்கிறாள் என்பார்கள். பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றவள், கடைசியில் கைக்கு அகப்பட்ட சாம்பல் நிறப் புடவையை உருவிக் கட்டிக்கொண்டாள்.

"அத்தை, இட்லி ஆறுது" என்று மருமகள் ஜோதிகா குரல் கொடுத்தாள். ஏழு மாத வயிறு. அவள் நடந்து வருவதற்குள் குரல் முன்னால் வந்துவிடும்.

மகன் வெற்றிச்செல்வன் ஏற்கெனவே சட்டையை இன் பண்ணிக்கொண்டு, கையில் ஒரு பச்சை ஃபைலோடு நின்றான். தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். வேலைக்குக்கூட இவ்வளவு நேர்த்தியாக அவன் போய்ப் பார்த்ததில்லை.

"மா, வக்கீல் சார் இன்னா கேட்டாலும் ஆமான்னு மட்டும் சொல்லு. நீயா எதுவும் பேசாத. கதை சொல்ல ஆரம்பிச்சுடாத."

"நான் இன்னாடா கதை சொல்றேன்?"

"வண்டி வாங்குன நாள்லேர்ந்து ஆரம்பிப்ப. எனக்குத் தெரியாதா உன்ன?"

ஜோதிகா சிரித்தாள். வெற்றிக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாளாகவே அவன் முகம் ஒரு தினுசாக இருந்தது. இட்லியைப் பிட்டான், சட்னியில் தோய்த்தான், வாயில் வைக்காமலே எழுந்து கை கழுவினான்.

அவன் கவலைக்குக் காரணம் இருந்தது. இதுவரை நடந்ததை நாமும் ஒரு எட்டு திரும்பிப் பார்த்துவிடுவோம்.

பதினாலு மாதத்துக்கு முன்னால், வானகரம் ரோட்டில், அயனம்பாக்கம் திருப்பத்தில், பார்சல் ஏற்றிப்போன ஒரு குட்டி யானை லோடு வண்டி, பைக்கில் வந்த ராகவனை இடித்துத் தள்ளியது. ராகவனுக்கு முப்பத்துநாலு வயது. கம்ப்யூட்டர் வேலை. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வண்டியை ஓட்டியவர் முகமது இஸ்மாயில். காசு கொடுத்து அந்த வண்டியை வாங்கியவரும் அவர்தான். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பேர் சுலோசனா. அந்த மாதம் பெண்சாதியின் ஆபரேஷனுக்கு அலைந்த இஸ்மாயில், இன்சூரன்ஸ் கட்டுவதைத் தள்ளிப்போட்டிருந்தார். அது காலாவதியான பத்தொன்பதாம் நாள் விபத்து. ஆக, ராகவன் போட்ட நஷ்டஈட்டு வழக்கில் முதல் எதிர்மனுதாரர், ஸ்டீரிங்கைத் துணியால் துடைத்ததைத் தவிர தொட்டறியாத நம் சுலோசனா.

இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட்டது. தீர்ப்பு எதிராக வந்தால் மேனாம்பேட்டு வீட்டின் மேல்தான் விழும். கீழ்த்தளம் அவள் புருஷன் கோதண்டம் கட்டியது. மாடி, வெற்றி கடன் வாங்கிக் கட்டியது. பிறக்கப் போகிற பிள்ளைக்கென்று மாடி அறைக்கு ஜோதிகா போன மாதம்தான் பச்சை சுண்ணாம்பு அடிக்க வைத்திருந்தாள்.

வெற்றியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து கிளம்பினாள் சுலோசனா.

பூந்தமல்லி போக அந்த வானகரம் ரோட்டைத்தான் பிடிக்க வேண்டும். விபத்து நடந்த திருப்பம் வந்தது. அங்கே ஒன்றும் இல்லை. ஒரு இளநீர் வண்டி, ஒரு பேனர், வேகத்தடைக்குப் புதிதாக அடித்த வெள்ளைப் பட்டை. ஒரு மனுஷனின் கால் போன இடம் இப்படிச் சாதாரணமாக இருப்பது அவளுக்கு என்னவோ போலிருந்தது.

இதே ரோட்டில்தான் அவள் முதல் முதலாக அந்த வண்டியில் உட்கார்ந்து போனாள்.

அதுவரை கோதண்டம் எஸ்டேட்டில் லோடுமேன். அவருடைய அப்பா அம்மா இந்தப் பக்கத்து நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த நிலமெல்லாம் கம்பெனியானபோது மகன் மூட்டைக்குப் போனான். இருபது வருஷம் அடுத்தவன் லாரிக்கு முதுகு கொடுத்த மனுஷனுக்குச் சொந்தமாய் ஒரு வண்டி என்கிற பைத்தியம் பிடித்தது. மகளிர் குழுவில் கடன் கிடைத்தது. குழுவில் இருந்தது சுலோசனா. ஆகவே வண்டி அவள் பேரில். கோதண்டத்துக்கு அதில் பரம சந்தோஷம். கேஸ் கனெக்‌ஷன், வீட்டுப் பட்டா, இப்போது வண்டி, எல்லாம் அவள் பேரில். "உம்பேர்ல இன்னாதான்யா கீது?" என்று யாராவது கேட்டது போலத் தானே கேட்டுக்கொண்டு, "நீதான் கீறியே" என்று அவளைப் பார்த்துச் சிரிப்பார்.

எஸ்டேட் ரோட்டுப் பெயிண்டர் வண்டியின் நெற்றியில் மஞ்சள் எழுத்தில் 'சுலோசனா' என்று எழுதி, சிவப்பில் நிழல் கொடுத்தான். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, திருவேற்காடு கோயிலுக்கு ஓட்டிப் போனார்கள். பின்னால் பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு, உருண்டுவிடுமோ என்று பயந்து பயந்து உட்கார்ந்து வந்தவர் இஸ்மாயில். கோதண்டத்தோடு பதினாறு வருஷம் ஒன்றாக மூட்டை தூக்கியவர். வழியெல்லாம் கோதண்டம் காரணமே இல்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். சுலோசனா வெட்கத்தில் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்புறம் தினமும் ரொட்டி, பன் லோடு. ஆவடி, திருநின்றவூர், வேப்பம்பட்டு என்று கடை கடையாகப் போட்டுவிட்டு வருவார். வந்ததும் வராததுமாய் அவளுக்கு ஒரு செய்தி இருக்கும்.

"வேப்பம்பட்டுல கடைக்காரன் இன்னா சொல்றான் தெரியுமா? சுலோசனா வந்தாச்சு, கதவ தொறங்கடாங்கறான். நீ பாக்காத ஊர்ல எல்லாம் உம்பேரு போய்ட்டு வருது புள்ள."

பத்து வருஷம் அப்படிப் போயிற்று. சர்க்கரை கண்ணைத் தாக்கியது. எதிரே வருகிற வண்டி விளக்கு நாலாகத் தெரிகிறது என்றார். சாவியை இஸ்மாயில் கையில் கொடுத்தார். காகிதமா, பத்திரமா, ஒன்றும் கிடையாது. இஸ்மாயில் மூன்று வருஷம் மாசாமாசம் கொண்டுவந்து கொடுத்து வண்டியின் விலையை அடைத்தார். கடைசித் தவணை கொடுத்த அன்று ஒரு டப்பா மைசூர்பாகும் வாங்கி வந்தார்.

"அண்ணாத்தே, ஆபீஸ் போய் ஒரு தபா பேர மாத்திகினு வந்துடலாமா?"

"இன்னாடா அவசரம்? பேர மாத்தினா நெத்தியிலயும் அழிக்கணும். இருந்துட்டுப் போவட்டும்டா. எனக்கப்புறம் பாத்துக்கலாம்."

சுலோசனா அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், மாத்திடுங்க என்று. சொல்லவில்லை. உள்ளுக்குள் அவளுக்கு அத்தனை பெருமை. அடுத்த வருஷமே கோதண்டம் மார்வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அப்புறம் பேராவது, ஆபீஸாவது.

"மா, எறங்கு" என்றான் வெற்றி. கோர்ட்டு வாசல் வந்திருந்தது.

வக்கீல் இருதயராஜ் வராந்தாவில் வேப்ப மர நிழல் பார்த்து நின்றிருந்தார். நல்ல மனுஷர். பீஸைத் தவணையில் வாங்கிக்கொள்கிறவர். வெற்றியிடமிருந்து பச்சை ஃபைலை வாங்கி, அதிலிருந்து ஒரு பழைய முத்திரைத்தாளை உருவினார்.

"இந்தத் தாளைப் பாருங்கம்மா. உங்க பையன் முந்தாநாள்தான் கொண்டுவந்து காட்டினார். உங்க வீட்டுக்காரர் உங்க சார்பா இஸ்மாயிலுக்கு வண்டியை வித்துட்டதா எழுதிக் கொடுத்திருக்கார். அஞ்சு வருஷத்துக்கு முந்தின தேதி. கீழே அவர் கையெழுத்து."

"இதுனால இன்னா சார் ஆவும்?"

"உள்ளதைச் சொல்லணும்னா, சட்டம் ஆர்.சி.ல யார் பேர் இருக்கோ அவங்களைத்தான் ஓனர்னு பார்க்கும். ஆனா இந்தத் தாள் இருந்தா, வித்தாச்சு, எங்களுக்குச் சம்பந்தமில்லைன்னு வாதாடலாம். இங்கே தோத்தா மேலே போகலாம். ஏழு, எட்டு வருஷம் இழுக்கலாம். அவங்களே சலிச்சுப்போய்க் கிடைச்சது போதும்னு ராஜிக்கு வருவாங்க. உங்க வீடு நிக்கும். நீங்க ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும், இது என் வீட்டுக்காரர் கையெழுத்துன்னு."

அந்தத் தாள் எங்கிருந்து முளைத்தது என்று அவர் கேட்கவில்லை. வக்கீல்களுக்குச் சில விஷயங்களில் தூரப்பார்வை மட்டும்தான் உண்டு.

சுலோசனா தாளை வாங்கிப் பார்த்தாள். 'கோதண்டம்' என்று முழுப் பேரும், அடியில் ஒரு கோடும். பார்வைக்கு அதேதான். அவள் தாளைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவினாள்.

கோதண்டம் அஞ்சாங்கிளாஸ் படித்தவர். பேனாவைக் கடப்பாரை மாதிரிதான் பிடிப்பார். ரேஷன் கடை விண்ணப்பமோ, பேங்க் சலானோ, அவர் கையெழுத்துப் போட்டால் பின்பக்கம் தடவினாலே ஒவ்வொரு எழுத்தும் விரலில் தட்டும். இந்தத் தாளின் பின்பக்கம் வழவழவென்று இருந்தது.

யார் போட்டது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. இந்தக் கை அவளுக்குப் பழக்கம்.

வெற்றி எட்டாவது படிக்கும்போது கணக்கில் பதினேழு மார்க். ரேங்க் கார்டில் அவனே அப்பா கையெழுத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். டீச்சர் சந்தேகப்பட்டு ஆளனுப்பினார்கள். கோதண்டம் ரொட்டி வண்டியோடு பள்ளிக்கூடத்துக்குப் போனார், சுலோசனாவும் கூடப் போனாள். பையன் மூலையில் வெலவெலத்து நின்றான். கோதண்டம் கார்டை வாங்கி, கிட்டே வைத்துப் பார்த்து, தூரத்தில் வைத்துப் பார்த்து, "எங்கையெழுத்துதான் டீச்சர்" என்றார். திரும்பி வரும்போது பையனுக்கு ஒரு கிரீம் பன் பிரித்துக் கொடுத்தார். "என்னவுட நீ நல்லா போட்டுகீற நைனா. ஆனா இனிமே போடாத" என்றார். அவ்வளவுதான். அடி இல்லை, திட்டு இல்லை. அன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் பையன்தான் குழம்புச் சோற்றில் அழுதான்.

"ஏம்மா சத்தமில்லாம நிக்கற?" என்றான் வெற்றி. யாரோ கூப்பிட்டு வக்கீல் அந்தப் பக்கம் போயிருந்தார்.

"நீயாடா போட்ட?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "மெதுவா பேசு. நடக்காததயா எழுதிகீறேன்? நைனா வித்தது நெசந்தானே? இஸ்மாயில் மாமா துட்டு குடுத்தது நெசந்தானே? நைனா எழுதிக் குடுத்திருக்கணும், குடுக்கல. அத நான் எழுதினேன். கையெழுத்து ஒண்ணுதான் என்னுது."

"தப்புடா."

"தப்புதான். இல்லன்றனா? ஊட்ட புடுங்கிகினா வயித்துல புள்ளயோட அவள நான் எங்க இட்டுகினு போவேன்? மாடிக் கடன் இன்னும் ஆறு வருஷம் கீது. இல்லாத மாடிக்கு நான் கடன் கட்டிகினு இருப்பேனா?" அவள் கையிலிருந்த தாளை உருவிக்கொண்டான். "நைனா இருந்தா ஆமான்னு சொல்லியிருப்பாரு. உனக்கே தெரியும்."

தெரியும். அதுதான் அவளைக் கலக்கியது. அந்த மனுஷர் இன்று இங்கே இருந்தால் கிட்டே வைத்துப் பார்த்து, தூரத்தில் வைத்துப் பார்த்து, என்ன சொல்லியிருப்பார்?

அவள் படிக்கட்டுப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அங்கே தூணுக்குப் பின்னால் இஸ்மாயில் நின்றிருந்தார். மூன்று மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை. கடைசியாகப் பார்த்தபோது அவள் பேசிய பேச்சு அப்படி. ஒரு இன்சூரன்ஸ் கட்ட வக்கில்லாதவனுக்கு வண்டி எதுக்கு என்று கேட்டிருந்தாள். தாடி முழுக்க வெளுத்துப்போய் மனுஷர் பாதியாகியிருந்தார்.

"அண்ணி" என்றார் மெல்ல. "வெற்றி காய்தத்த பத்தி சொல்லிட்டான். எல்லாத்தயும் எம்மேல போட்டுடு. அண்ணாத்தே எழுதிக் குடுத்தாருன்னு நானும் ஒத்துக்கறேன்."

"நீயும் கூட்டா?"

"தப்பு என்னுது அண்ணி. அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள நாப்பது பார்சல் போடணும்னு வெரட்டிகினு போனேன். அந்த மாசம் பணத்த கட்டியிருந்தேன்னா..."

"ஆஸ்பத்திரில பொண்டாட்டிய போட்டுட்டு எங்கேர்ந்து கட்டுவ?" என்றாள். மூன்று மாதக் கோபம் எங்கே போயிற்று என்று அவளுக்கே புரியவில்லை. "செரி, ஒத்துகினு? அப்புறம்?"

"அப்புறம் இன்னா? எங்கிட்ட இன்னாத்த எடுப்பான்? வாடகை ஊடு. வண்டி ஸ்டேஷன்ல துரு புடிச்சிகினு நிக்குது. எடுத்துகினு போவட்டும்."

ஆறுதலாகத்தான் அவர் சொன்னார்.

"அப்ப காலு போன அந்தப் பையனுக்கு?"

இஸ்மாயில் தரையைப் பார்த்தார்.

தண்ணீர் குடிக்கலாம் என்று அவள் எழுந்து குழாயடிக்குப் போனாள். பக்கத்து பெஞ்சில் ஒருத்தர் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பெண்சாதி மண்டியிட்டு, செயற்கைக் காலின் வாரை அவிழ்த்து, உள்ளே பஞ்சை மாற்றிக்கொண்டிருந்தாள். பழைய பஞ்சில் ரத்தக் கறை. பெஞ்சில் சாய்த்திருந்த ஊன்றுகோல் நழுவிச் சரிய, சுலோசனா ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"ரொம்ப நன்றிங்க" என்றாள் அந்தப் பெண். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. "தற்சமயத்துக்கு வாங்குன காலுங்க. அளவு சரியில்லாம உரசுது. நல்லதா வைக்கணும்னா கேஸ் முடிஞ்சாத்தான். கம்பெனியில ஆறு மாசம் பார்த்துட்டு வேலைக்கு வேண்டாம்னுட்டாங்க. என் ஸ்கூல் சம்பளத்துல ஓடுது. நீங்க எந்தக் கேஸுங்க?"

ஊன்றுகோலைப் பிடித்தபடியே நின்றாள் சுலோசனா. பொய் சொல்லியிருக்கலாம்.

"நாந்தாம்மா சுலோசனா."

ராகவனின் பெண்சாதி ஸ்வாதியின் கை வாரிலேயே நின்றுவிட்டது. பதினாலு மாதமாக நோட்டீஸ்களிலும் மனுக்களிலும் பார்த்த பேர். ஒரு பணக்கார முதலாளியம்மாவைத்தான் அவள் மனசில் வைத்திருந்தாள் போலிருக்கிறது. எதிரே நின்றது தேய்ந்த செருப்போடு ஒரு சாம்பல் நிறப் புடவை.

ராகவன்தான் பேசினார். கோபமாகப் பேசவில்லை.

"அந்தப் பேரைத்தான் கடைசியாப் பார்த்தேங்க. கண்ணுக்கு நேரா, மஞ்சள் எழுத்துல. அப்புறம் ஆஸ்பத்திரிலதான் முழிச்சேன். இப்பவும் சில நாள் தூக்கத்துல அந்தப் பேர் வரும்."

சுலோசனா ஊன்றுகோலைப் பத்திரமாகப் பெஞ்சில் சாய்த்துவைத்துவிட்டு வந்துவிட்டாள். தண்ணீர் குடிக்கவில்லை. பார்க்காத ஊரிலெல்லாம் பேர் போய்விட்டு வருகிறது என்று பூரித்துக் கிடந்த காலம் நினைவுக்கு வந்தது. இந்தப் பையனிடமும் அது போயிருக்கிறது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டே காலுக்கு டவாலி மூன்று முறை கூவினார். "கோதண்டம் மனைவி சுலோசனா!"

கூண்டு என்றால் இடுப்பளவு மரத்தடுப்பு, அவ்வளவுதான். சினிமாவில் போலப் புத்தகமெல்லாம் யாரும் நீட்டவில்லை. டவாலி சொல்லச் சொல்ல, உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லமாட்டேன் என்று அவளும் திருப்பிச் சொன்னாள். மேலே நீதிபதி ஒரு பெண். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "பயப்படாம பேசுங்கம்மா" என்றார்.

முதல் வரிசையில் ராகவனும் ஸ்வாதியும். கதவோரம் இஸ்மாயில். பின் வரிசையில் வெற்றி, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு.

இருதயராஜ் எழுந்தார். பேர், வயசு, ஊர் எல்லாம் கேட்டு முடித்தார். சுலோசனா ஆமாம் ஆமாம் என்றே வந்தாள்.

"இந்த வாகனம் உங்க பேர்ல வாங்கினது?"

"ஆமாங்க."

"அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே உங்க கணவர் அதை முகமது இஸ்மாயிலுக்கு வித்து, எழுதியும் கொடுத்துட்டார். சரிதானே?"

சுலோசனா தடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதிக் குடுக்கலீங்க."

வக்கீல் ஒரு கணம் திகைத்து, சிரித்துச் சமாளித்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. ஒரு பத்திரத்தைக் காட்டறேன். அதில இருக்கிற கையெழுத்து..." ஃபைலிலிருந்து தாள் பாதி வெளியே வந்தது.

"அத்த எடுக்காதீங்க சார்" என்றாள் சுலோசனா. குரல் கெஞ்சியது. "அது வேணாம் சார். உள்ள வச்சுடுங்க."

வக்கீல் அவளைப் பார்த்தார், பின் வரிசையைப் பார்த்தார். பழுத்த வக்கீல், புரிந்துகொண்டார். தாள் வந்த வழியே ஃபைலுக்குள் போயிற்று. "வேறு கேள்வி இல்லை" என்று சொல்லி உட்கார்ந்து, மின்விசிறி ஓடுகிறதா என்று அண்ணாந்து பார்த்தார்.

"நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார் நீதிபதி.

"வண்டி எம்பேர்ல கீதும்மா. என் ஊட்டுக்காரரு இஸ்மாயிலுக்கு குடுத்தாரு, அவரும் துட்டு குடுத்தாரு. ஆனா பேர மாத்த வுடல. நெத்தியில எம்பேரு இருக்கட்டும்னு ஆசப்பட்டாரு. நானும்தான் ஆசப்பட்டேன். மாத்துன்னு ஒரு வார்த்த சொல்லல நானு. பேரு வேணும்னா அதுக்கு வர்ரதும் வேணும்தானேம்மா. இன்சூரன்ஸ் கட்டிகீதான்னு பேரு வச்சிகினு இருந்த நான் ஒரு தபா கேட்டிருக்கணும். கேக்கல."

"அண்ணி!" என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது. டவாலி இஸ்மாயிலை அதட்டினார்.

தட்டச்சர் கையில் எல்லாம் ஓடி ஓய்ந்தது. தாள் பதிவாகவில்லை, வெற்றி தப்பித்தான். ஆனால் வண்டி எங்களுடையதில்லை என்று இனி எந்தக் கோர்ட்டிலும் சொல்ல முடியாது என்பதும் சுலோசனாவுக்குப் புரியாமல் இல்லை.

எதிர்த்தரப்பில் ராகவனின் வக்கீல் தமிழரசு எழுந்தார். சின்ன வயசுக்காரர். நாலு பக்கத்துக்குக் கேள்வி எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதையெல்லாம் மேஜை மேல் கவிழ்த்து வைத்தார். அவளைக் குறுக்கே மடக்க ஒன்றும் பாக்கியில்லை.

"ஒரே கேள்விம்மா. தீர்ப்பு எங்களுக்குச் சாதகமா வந்தா, கொடுக்கிறதுக்கு உங்க பேர்ல சொத்து ஏதாவது இருக்கா?"

இருதயராஜ் சட்டென்று எழுந்தார். "ஆட்சேபிக்கிறேன். இது இப்போ கேட்கவேண்டிய கேள்வி இல்லை."

நீதிபதி தலையசைத்தார். "ஆமாம். அதை அவங்க தனியா மனு போட்டுக் கேட்டுக்கணும். அம்மா, இதுக்கு நீங்க பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்லை. வேண்டாம்னா இறங்கலாம்."

இறங்கலாம். இரண்டு படிதான். பின் வரிசையில் வெற்றி எழுந்து நின்றுவிட்டான். வா மா, வந்துடு என்று அவன் கண் கூப்பிட்டது. அவனுக்கு முன்னால், முதல் வரிசை நடைவழியில், ராகவனின் நீட்டிய கால். புதுப் பஞ்சையும் மீறி பேன்ட்டில் கறை ஊற ஆரம்பித்திருந்தது.

"ஊடு கீதுங்க" என்றாள் சுலோசனா. "மேனாம்பேட்டுல. கீழயும் மேலயும். பட்டா எம்பேர்லதான்."

ஸ்வாதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முழு விலாசம் சொல்ல முடியுமாம்மா?" என்றார் தமிழரசு. இப்போது அவர் குரலும் தணிந்திருந்தது.

அவள் தெருப் பேரைச் சொன்னாள். கதவு எண்ணைச் சொன்னாள். வெற்றிச்செல்வன் நாற்காலிகளை இடித்துக்கொண்டு வெளியே போனான். அந்தச் சத்தத்தில் எண் காதில் விழவில்லை என்று தட்டச்சர் கையை நிறுத்தி, இன்னொரு தடவை என்றார்.

மகன் போன கதவையே பார்த்துக்கொண்டு, சுலோசனா கதவு எண்ணை மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை கொஞ்சம் உரக்க.